பானெட்டின் மறுபக்கம்

காரைத் துடைப்பவர்கள் பானெட்டின் மேல்பக்கத்தைத்தான் துடைக்கிறார்கள். துரு பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் தொடங்குகிறது. அங்கே கண்ணாடி இழையாலோ ஃபோமாலோ ஆன கறுப்பு இன்சுலேஷன் ஷீட் ஒன்று பிளாஸ்டிக் கிளிப்புகளில் தொங்கும். எஞ்சின் சத்தத்தை உறிஞ்சுவதும், சூடு நேராகப் பெயின்ட்டுக்கு ஏறாமல் தடுப்பதும் அதன் வேலை. விலை குறைந்த பல கார்களில் கம்பெனியே இதைப் போடுவதில்லை. வாங்கியவர்தான் வெளியில் வாங்கி ஒட்டிக்கொள்கிறார். ஷீட் கிழிந்து தொங்கினாலோ, எலி கடித்துக் கூடு கட்டினாலோதான் மாற்றும் எண்ணம் வரும். கழற்றிப் பார்த்தால் ஷீட்டின் முதுகில் பழுப்புக் கறை, தகட்டில் கொப்புளம். அதன் மேலேயே புது ஷீட்டை ஒட்டிவிடுகிறார்கள் பலர். அதற்கு ஷீட்டே இல்லாமல் ஓட்டலாம்.

பானெட் ஒற்றைத் தகடு அல்ல. மேல்தகட்டின் விளிம்பை உள்தகட்டின் மீது மடித்து அழுத்தியிருப்பார்கள். அந்த மடிப்பில் புகுந்த தண்ணீர் லேசில் வெளியேறாது. வடிவதற்கென்று விட்ட சிறு துளைகளும் சேறு அடைத்தால் பயனற்றவை. இரும்பும் தண்ணீரும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு. அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு அடுத்த அரிப்பைத் தடுக்கும். இரும்பின் துருவோ பல மடங்கு பருத்து, செதிலாக உதிர்ந்து, ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன்மேல் நனைந்த ஷீட்டும் ஒட்டியிருந்தால் வெளியே வெயில் கொளுத்தும்போதும் தகடு ஈரமாகவே இருக்கும். (காந்தம் ஒட்டாவிட்டால் அலுமினிய பானெட்டாக இருக்கலாம், அதில் இந்தச் செந்துரு வராது. ஓரிடத்தில் மட்டும் ஒட்டாவிட்டால் அங்கே பட்டி பூசி எதையோ மறைத்திருக்கிறார்கள்.)

தாம்பரத்துக்காரர்களுக்கு இதில் தனிக் கவலை உண்டு. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள்ளேயே புகுந்தபோது தெருவில் நின்ற கார்களைக் கேட்கவா வேண்டும்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் அதே பகுதிகளில் தண்ணீர். எஞ்சினையும் சீட்டையும் காயவைத்த பலர் பானெட் மடிப்பில் தங்கிய வண்டலை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் பக்கம் எதிரி வேறு: கடல் உப்பு. காற்றில் வரும் உப்பு கரையிலிருந்து உள்ளே போகப் போக வேகமாகக் குறையும். ஏறக்குறைய 15 கி.மீ. தள்ளியிருக்கும் தாம்பரத்தில் வெறும் ஈரம்தான் முக்கியக் குற்றவாளி. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே துரு வேகமெடுக்கும். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மேல்தான்.

வைத்தியம் கழுவுவதில் தொடங்குகிறது. அவசர வேலையில் முதலில் விடுபடுவதும் இதுதான். உப்போடும் சேற்றோடும் தேய்த்தால் அவை தகட்டின் குழிகளுக்குள் அழுந்திப் பெயின்ட்டுக்கு அடியில் வேலையைத் தொடரும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, எஞ்சினை மூடி, சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு கம்பி பிரஷ். 80 எண் உப்புத்தாள், அடுத்து 180, 320. முகமூடி அவசியம். கொப்புளத்தைச் சுற்றி நன்றாகத் தெரியும் பெயின்ட்டையும் விரலகலம் சுரண்டுங்கள். துரு அடியில் ஊர்ந்து போயிருக்கும். துருவில்லாத இடத்தில் கை வைக்க வேண்டாம். துத்தநாகம் பூசிய தகடாக இருந்தால் அந்தப் பூச்சு தான் கரைந்து இரும்பைக் காக்கும்.

குழிகளுக்குள் இறுகிய துரு எந்தத் தாளுக்கும் மசியாது. அதற்குத்தான் ரஸ்ட் கன்வெர்ட்டர். அதில் இருப்பது பாஸ்பாரிக் அமிலம் அல்லது டானிக் அமிலம்; சிலவற்றில் இரண்டும். பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றுகிறது. டெல்லி இரும்புத் தூண் சுமார் 1,600 ஆண்டுகளாக நிற்பதற்கும் பாஸ்பரஸே முக்கியக் காரணம் என்று ஐ.ஐ.டி. கான்பூரின் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கினார்: அந்தப் பழைய இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அதனால் மேலே பாஸ்பேட் கலந்த காப்புப் படலம் உருவானது. டானிக் அமிலமோ துருவைக் கறுப்பாக்கி இறுக்குகிறது. சிக்கல்நாயக்கன்பேட்டைக் கலம்காரித் துணியில் கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கறுப்பு தருவதும் இதே வேதியியல்தான். உதிரும் செதில் மீதோ, துருவே இல்லாத பளபளத் தகட்டின் மீதோ கன்வெர்ட்டர் பூசுவது வீண். ஒட்டி இறுகிய மெல்லிய துருவில்தான் அது பிடிக்கும்.

அதன்மேல் எபாக்ஸி பிரைமர். சில பிரைமர்கள் அமிலம் பட்ட பரப்பில் ஒட்டா, டப்பாவைப் படித்துவிட்டு வாங்குங்கள். பிறகு கலர். மடிப்புகளுக்குள் மெழுகு ஸ்ப்ரே அடிக்கலாம், வடிதுளைகள் மட்டும் அடைபடக் கூடாது. பெயின்ட் முழுக்க இறுகிய பிறகே ஷீட். பசையைவிட கிளிப்பே மேல். எஞ்சின் சூட்டில் பசை இளகி, ஷீட் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் விழுந்தால் தீப்பிடிக்கலாம். கிளிப் என்றால் வருடம் ஒருமுறை கழற்றியும் பார்க்கலாம். விளிம்பு மடிப்பை ஷீட் மூடாமல் இடைவெளி விடுங்கள்.

மடிப்பில் ஓட்டை விழுந்திருந்தால் இந்தச் செலவெல்லாம் வேண்டாம். பானெட் கீல்களில் போல்ட் போட்டு நிற்பது. நல்லதாக இன்னொன்றை வாங்கி மாட்டிவிடலாம். மற்றவர்கள் ஐப்பசி மழைக்கு முன்பே வேலையை முடித்துக்கொள்ளுங்கள். வண்டியை டிங்கரிங் கடையில் விடுகிறீர்களா? "அண்ணே, ஷீட் ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணுங்க, தகட்டைப் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.