ஸ்டெம் செல் ஊசிக்குப் பணம் கட்டும் முன்

மூன்று மாதமாக ஆறாத சர்க்கரைப் புண். கால் விரலை எடுக்க வேண்டும் என்கிறார் ஒரு மருத்துவர். பயந்துபோன குடும்பம், ஸ்டெம் செல் போட்டால் விரல் தப்பும் என்று ஆசை காட்டிய இன்னொரு இடத்துக்கு நகையை அடகு வைத்து ஓடுகிறது. கணுக்கால்வரை கறுத்த பிறகு, புகார் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வருகிறார்கள். ரசீது எங்கே என்பேன். இருக்காது.

எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகியவற்றிலிருந்து எடுக்கும் இந்தச் செல்கள் புது ரத்தக்குழாய் வளரத் தூண்டுமா என்ற ஆராய்ச்சி உண்மையாகவே நடக்கிறது. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவை தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வில் மட்டுமே தரலாம். 2020-இல் ரத்த ஓட்டம் கடுமையாக அடைபட்ட கால்களுக்கான ஒரு ஸ்டெம் செல் மருந்துக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. அதைக் காட்டி எல்லாப் புண்ணுக்கும் ஊசி விற்கிறார்கள். சில இடங்களில் உங்கள் ரத்தத்தையே சுழற்றிப் பிரித்த பி.ஆர்.பி.யைத்தான் ஸ்டெம் செல் என்கிறார்கள். அமெரிக்காவில் 2018-இல், தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து தயாரித்த ஊசி போட்டுக்கொண்ட 12 பேர் கிருமித்தொற்றோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள்.

ஆய்வு என்று சொன்னால் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்த இணையப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் தேடலாம், கட்டணமில்லை. எண்ணைப் போட்டு, எந்த நோய்க்கு, எந்த மருத்துவமனையில் என்று பாருங்கள். ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. வாங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். ஒப்புதல் படிவம் தமிழில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏற்கெனவே போட்டுக்கொண்டவரா? முதல் வேலை, கேஸ் ஷீட் நகல் கேட்டு எழுத்தில் மனு கொடுத்து, மறுபிரதியில் முத்திரை வாங்குவது. மருத்துவர்களுக்கான 2002 ஒழுக்க விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வாய்மொழியாகக் கேட்டால் நாளை, மறுநாள் என்று இழுப்பார்கள். முத்திரை தர மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அந்த நகலோடு மருத்துவரின் நடத்தை பற்றித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கும், மருத்துவமனை பற்றி மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் புகார் எழுதலாம். பணத்தைத் திரும்பப் பெற, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம். வக்கீல் கட்டாயமில்லை, கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணமும் இல்லை. ரசீது கேட்டு வாங்குங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

நீரிழிவையும் அழுகலையும் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ஆனாலும் அந்தச் சுவரொட்டிகள் அதிகாரிகள் தினமும் போகும் சாலையில்தான் ஒட்டியிருக்கின்றன, கிழிக்க ஆளில்லை.

எந்த ஊசிக்கும் முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: காலில் ரத்த ஓட்டம் பார்த்தார்களா? அடைப்பு இருந்தால் அதைச் சரிசெய்யாமல் புண் ஆறுவது கடினம். புண் மேல் பாரம் படாமல் கட்டுப் போடுவது, செத்த சதையை வெட்டி எடுப்பது, தொற்றுக்கு மருந்து, சர்க்கரைக் கட்டுப்பாடு. இவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காசில்லாமல் கிடைக்கின்றன. ரத்த ஓட்டம் பார்க்காமல் ஊசிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நுகர்வோர் வழக்குக்குக் கெடு இரண்டு ஆண்டு. ஊசி போட்ட தேதியை ரசீதின் பின்னால் இன்றே குறித்து வையுங்கள்.