குருந்தம்: ஒரு கனிமப் பெயரின் பொருளும் பிறப்பும்

முதுகுளத்தூர்ப் பகுதியில் சீமைக்கருவேல் வெட்டும் அரிவாளுக்குச் சாணை பிடிப்போர் தம் கல்லை இன்று ‘எமரி’ என்கின்றனர். நாக்சோசுத் தீவால் புகழ்பெற்ற எமரி, குருந்தமும் மேக்னடைட்டும் கலந்த பாறையாகும். நம் பழைய சாணையோ குருந்தத்தூளை அரக்கில் குழைத்துச் செய்யப்பட்டது. கலவையின் அயற்பெயர் ஊர்வழக்கில் நிலைத்திருக்க, மூலக் கனிமத்தின் தமிழ்ப்பெயர் உலகக் கனிமவியலில் ‘கொரண்டம்’ என வழங்குகிறது.

இது அலுமினிய ஆக்சைடு. மோசு அளவில் கடினம் 9. சிறிது குரோமியம் சேர்ந்தால் மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். சார்லசு கிரெவில் 1798இல் இலண்டன் அரச கழக இதழில் இக்கல் குறித்து எழுதிய கட்டுரை பெயரைப் பரப்பியது. நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டியிலும் இது கிடைக்கிறது.

அகராதிகள் தமிழ்க் ‘குருந்த’த்தைச் சமற்கிருதக் ‘குருவிந்த’த்தோடு இணைக்கின்றன. சிலப்பதிகார ஊர்காண் காதையில், மதுரை மணிக்கடை வீதியின் மாணிக்க வகைகளுள் ‘விந்தம்’ ஒன்று. உரை அதனைக் குருவிந்தம் என்கிறது. ‘குரு’ நிறத்தைக் குறிக்கும் என்பது தொல்காப்பிய உரியியல். இதைக் கொண்டு முழுச்சொல்லும் தமிழே என நிறுவ முனைவது எளிது. ஆனால் ‘விந்தம்’ என்னும் பிற்பகுதி விளக்கமின்றி நிற்பதால் அதற்கு உடன்பட இயலவில்லை. ஐரோப்பியர் கேட்டு எழுதியது தமிழ் வடிவத்தையே என்பது மட்டும் உறுதி. ஆகவே தமிழில் ‘கொரண்டம்’ என எழுதுவது வீண் சுற்றுவழி. ‘குருந்தம்’ என்றே எழுதலாம்.

திருப்பெருந்துறைக் குருந்த மரத்தோடு இதற்குள்ள ஒப்புமை ஒலியளவினதே.