முன்பணம் கட்டுவதற்கு முன்

பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் முன்பே ஊருக்குள் ஏஜென்ட் வந்துவிடுகிறார். எந்த வீட்டுப் பிள்ளை பரீட்சை எழுதியிருக்கிறது என்ற பட்டியல் எப்படியோ அவர் கையில் இருக்கிறது. பஸ் வசதி, லேப்டாப், வேலை நிச்சயம் என்று அடுக்குகிறார். “கவர்மென்ட் ஸ்காலர்ஷிப்பெல்லாம் எங்க காலேஜ்லயும் உண்டும்மா, இப்ப அஞ்சாயிரம் கட்டி சீட்டைப் பிடிச்சிடுங்க” என்கிறார். அடகுக் கடையில் கம்மலை வைத்துக் கட்டிவிடுகிறார்கள். மதிப்பெண் பட்டியலும் டிசியும் அசலாகவே கைமாறுகின்றன. செப்டம்பரில், உதவித்தொகைப் பட்டியலில் பெயர் இல்லை என்று தெரிந்த பிறகுதான் யாரிடமாவது கேட்க வருகிறார்கள். அப்போது கேட்டு என்ன பயன்?

தமிழ்நாட்டில் ஏழை வீட்டுப் பிள்ளை கல்லூரிக்குப் போகத் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. பெரிய சலுகைகளெல்லாம் ஒரே வாசல் வழியாகத்தான் வருகின்றன. அந்த வாசல் கவுன்சலிங். முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை, அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தொழிற்கல்வி இடம் பெற்றவர்களுக்கு மட்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கும் 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றுக்கும் வந்தது. அதில் சேருபவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அதுவும் கலந்தாய்வு வழியாகத்தான். ஆதிதிராவிடருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் மேனேஜ்மென்ட் கோட்டா மாணவர்களை மத்திய அரசின் 2018 நெறிமுறை வெளியே தள்ளிவிட்டது. ஆகவே மே மாதம் ஏஜென்டிடம் கட்டும் ஐயாயிரம் சீட்டைப் பிடித்து வைப்பதில்லை. நான்கு வருடச் சலுகையைத்தான் கைகழுவ வைக்கிறது. கலந்தாய்வில் இடம் கிடைக்கும் மதிப்பெண் எடுத்த பிள்ளைகளே இப்படிப் போய் மாட்டிக்கொள்வதுதான் வயிற்றெரிச்சல்.

கல்லூரியே “நாங்க வாங்கித் தர்றோம்” என்று சொன்னால்? ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ஒதுக்கீட்டு ஆணை அரசாங்கத்திலிருந்து வருமா, உங்களிடமிருந்து வருமா?” பதில் சுற்றி வளைத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி தாள்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குச் சாதியும் தடையில்லை, வருமான வரம்பும் கிடையாது. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். குடும்பம் என்றால் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் மட்டுமல்ல, தாத்தா பாட்டியும் சேர்த்தி. அக்காவோ அண்ணனோ ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்துக்கொண்டிருந்தால் அடுத்த பிள்ளைக்குக் கிடையாது. அண்ணன் டிப்ளமா முடித்தவர் என்பதால் விண்ணப்பிக்காமலே விட்ட குடும்பங்கள் உண்டு. டிப்ளமா பட்டமாகாது.

விண்ணப்பிக்கும் இடம் இ-சேவை மையம். கட்டணம் 60 ரூபாய். சாதிச் சான்றிதழ் ஆர்இவி-101, இருப்பிடம் 102, வருமானம் 103, முதல் பட்டதாரி 104. எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்; மையத்தில் அவசரத்தில் வேறொன்றைப் பதிவுசெய்துவிடுவது நடக்கிறது. ரேஷன் கார்டு, ஆதார், உடன்பிறந்தவர்களின் டிசி, மாணவரும் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திட்ட உறுதிமொழி ஆகியவற்றை எடுத்துப் போங்கள். மனு கிராம நிர்வாக அலுவலரிடமும் வருவாய் ஆய்வாளரிடமும் போய், துணை வட்டாட்சியரிடம் முடியும். இதில் பெரும்பாலோர் கோட்டைவிடுவது ஒரு இடத்தில்தான். வழியில் யாராவது ‘விளக்கம் தேவை’ என்று திருப்பி அனுப்பினால், தகவல் நீங்கள் கொடுத்த செல்பேசி எண்ணுக்குத்தான் வரும். அந்த எண் பெரும்பாலும் இ-சேவைக்காரருடையதாகவோ சித்தப்பாவின் பழைய சிம்மாகவோ இருக்கும். மனு அங்கேயே கிடக்கும். நீங்கள் அதிகாரியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் எண்ணையே கொடுங்கள். ஒப்புகைச் சீட்டைத் தொலைக்காதீர்கள். வாரம் ஒரு முறை நிலையைப் பாருங்கள்.

அதிகாரிகளைத் திட்ட வேண்டிய இடமும் உண்டு. பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியரும் பழங்குடியினருக்கு வருவாய்க் கோட்டாட்சியரும் சாதிச் சான்றிதழ் தர வேண்டும். பழங்குடியினர் சான்றிதழில் இழுத்தடிப்பு அதிகம். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் 2023 ஜனவரியில் பட்டியலில் சேர்ந்துவிட்டன. அரசிதழில் வந்த பிறகும் அவர்களை மேசைக்கு மேசை அலையவிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. தாமதமானால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து எண் வாங்குங்கள். கோடையில் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும். நிலப் பிரச்சினைக்கு மட்டும்தான் அது என்று நினைக்காதீர்கள், சான்றிதழ் மனுவும் கொடுக்கலாம். பதினோராம் வகுப்பிலேயே வாங்கி வைத்துவிட்டால் இந்த அலைச்சலே இல்லை. வருமானச் சான்றிதழ் மட்டும் அந்தந்த ஆண்டுக்குப் புதிதாக வேண்டும்.

அடுத்தது வங்கிக் கணக்கு. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இருந்தாலும் ஒவ்வோர் ஆண்டும் அதே தவறு. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய் (2022 முதல்), மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 1000 ரூபாய் (2024 முதல்), ஆதிதிராவிடர் போஸ்ட் மெட்ரிக்கில் மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு எல்லாம் மாணவரின் கணக்குக்கே நேராக வருகின்றன. “ஆதார் லிங்க் பண்ணியாச்சு” என்று வங்கியில் சொல்வார்கள். அவர்கள் சொல்வது, கணக்குப் புத்தகத்தோடு ஆதார் நகலைச் சேர்த்துவிட்டோம் என்பதாக இருக்கலாம். அது போதாது. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் பதிவில் உங்கள் ஆதாருக்கு நேராக அந்த வங்கியின் பெயர் ஏற வேண்டும். ஓர் ஆதாருக்கு ஒரே வங்கிதான் அங்கே நிற்கும். கடைசியாக எதை இணைத்தீர்களோ, பணம் அங்கே போகும். 2017இல் சிம் கார்டுக்கு விரல் வைத்தவர்களின் கேஸ் மானியம், அவர்களுக்கே தெரியாமல் திறக்கப்பட்ட ஏர்டெல் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது நினைவிருக்கலாம். இன்றும் கடைவீதியில் குடை விரித்து ‘ஜீரோ பேலன்ஸ்’ கணக்குத் திறப்பவரிடம் விரல் வைத்துவிட்டு, உதவித்தொகை வரவில்லை என்கிறார்கள்.

சரிபார்ப்பது ஐந்து நிமிட வேலை. மைஆதார் இணையதளத்தில் நுழைந்து ‘வங்கி இணைப்பு நிலை’ என்ற பகுதியைத் திறந்தால் எந்த வங்கி, நடப்பில் உள்ளதா என்று தெரியும். ஓடிபி வர ஆதாரில் உள்ள செல்பேசி எண் உயிரோடு இருக்க வேண்டும். தவறான வங்கி காட்டினால், சரியான வங்கிக் கிளையில் “நேரடிப் பயன் பரிமாற்றத்துக்காக என் ஆதாரை இந்தக் கணக்கோடு இணைக்கவும்” என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். சில நாள் கழித்து மறுபடியும் பாருங்கள். பள்ளியில் திறந்து இரண்டு வருடத்துக்கு மேல் தொடாத கணக்கு முடங்கியிருக்கும். கேஒய்சி கொடுத்து உயிர்ப்பிக்க வேண்டும். பெயரும் கவனம். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், வங்கியில் இரண்டுமே இல்லை என்றிருந்தால் கணினி மூன்று பேராகப் பார்க்கும். பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி ஆதாரைத் திருத்திவிட்டு, பிறகு வங்கிக்குப் போங்கள்.

பணம் வந்த பிறகு நடக்கும் தவறு இன்னும் மோசம். போஸ்ட் மெட்ரிக் தொகை கணக்கில் விழுந்ததும், அரசு பிள்ளைக்குக் கொடுத்த பணம் என்று நினைத்து வட்டிக் கடனை அடைத்துவிடுகிறார்கள். அதில் பராமரிப்புப் படி மட்டும்தான் மாணவருக்கு. கல்விக் கட்டணப் பகுதி கல்லூரிக்குச் செலுத்த வேண்டியது. அது போகவில்லை என்றால் பரீட்சை நேரத்தில் ஹால் டிக்கெட்டைக் காட்டி மிரட்டுவார்கள். குறுஞ்செய்தி வந்த அன்றே கல்லூரியில் கட்டி ரசீது வாங்குங்கள். இந்த உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும்; ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். அரியர் விழுந்தால் உதவித்தொகை போய்விடும் என்று வெட்கப்பட்டு விண்ணப்பிக்காமலே இருக்கும் பிள்ளைகள் உண்டு. அடுத்த ஆண்டு வகுப்புக்கு ஏறியிருந்தால் போதும், விண்ணப்பியுங்கள். பகுதி நேர வேலைக்குப் போய் வருகைப் பதிவு குறைந்தால்தான் சிக்கல்.

கெடு தேதியை யாரும் உங்களுக்காக நீட்டிக்க மாட்டார்கள். 2024இல் உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்துக் கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்கு தன்பாத் ஐஐடியில் இடம் கிடைத்தது. 17,500 ரூபாயைக் கெடு முடிவதற்குள் கட்ட முடியாமல் இடம் பறிபோனது. அந்த ஆண்டு நுழைவுத் தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் அவர் சென்னை உயர்நீதிமன்றம்வரை வந்தார். கடைசியில் உச்ச நீதிமன்றம்தான் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்திச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. எல்லாருக்கும் டெல்லி போக முடியுமா? ஒதுக்கீடு வரும் வாரத்தில் முதல் கட்டணத்துக்கான பணம் கணக்கில் இருக்கட்டும்.

சேர்ந்துவிட்டோம், விலக வேண்டும், கல்லூரி அசலைத் தர மறுக்கிறது என்றால் பயப்படாதீர்கள். சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று யூஜிசி 2018 அக்டோபரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, பாக்கிக்காகப் பிணை வைக்க முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றமும் பலமுறை சொல்லியாயிற்று. சேர்க்கைக் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். 5 சதவீதம்வரை, அதிலும் 5,000 ரூபாய்க்கு மிகாமல்தான் பிடிக்கலாம். கடைசி நாளுக்குப் பின் 15 நாளுக்குள் என்றால் 80 சதவீதம், அதன் பிறகு 30 நாள்வரை 50 சதவீதம். யூஜிசி சில ஆண்டுகளில் இதைவிடத் தாராளமான தேதிகளை அறிவிக்கிறது. அந்த ஆண்டு அறிவிப்பைத் தேடிப் பாருங்கள்.

வாய்ப் பேச்சில் நேரத்தைக் கொல்லாதீர்கள். முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம்: “நான் இந்தத் தேதியில் இந்தப் பாடப்பிரிவில் சேர்ந்தேன், இவ்வளவு கட்டினேன் (ரசீது எண்), இன்று விலகுகிறேன். யூஜிசி விதிப்படி கட்டணத்தையும் அசல் சான்றிதழ்களையும் திருப்பித் தரக் கோருகிறேன்.” நேரில் கொடுத்தால் நகலில் கையெழுத்தும் தேதியும், வாங்க மறுத்தால் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால். விலகிய தேதிக்கு அந்தக் கடிதம்தான் சாட்சி, அதனால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். பதிலில்லை என்றால் கல்லூரியின் மாணவர் குறைதீர் குழுவுக்கு எழுதுங்கள். யூஜிசியின் 2023 விதிப்படி அது 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. அவருக்கு 30 நாள் அவகாசம். யூஜிசியின் இ-சமாதான் தளத்திலும் புகாரைப் பதியலாம்.

உதவித்தொகை போதாமல் கல்விக் கடன் கேட்கப் போனால், ஏழரை லட்சம்வரை சொத்துப் பிணை தேவையில்லை. “எங்க ஏரியா இல்லை” என்று கிளை மேலாளர் கையை விரித்தால், வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்து மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வங்கியில் புகார் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மன், தகவலுக்கு 14448.

உதவித்தொகை விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று யாரும் சொல்லவில்லையா? முதலில் கல்லூரியின் நோடல் அலுவலரைப் பாருங்கள். பாதி விண்ணப்பங்கள் அவர் கணினியில் ஒப்புதல் தராமலே கிடக்கின்றன. அங்கிருந்து போய்விட்டது என்றால் மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலகம், அல்லது பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகம். அங்கும் ‘அடுத்த வாரம்’ என்றால், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய தகவல் உரிமை மனு ஒன்று. கேள்வி இரண்டே போதும்: என் விண்ணப்ப எண் இது, இன்று எந்த அலுவலரிடம் எந்தத் தேதியிலிருந்து நிலுவையில் உள்ளது, தொகை அனுப்பப்பட்டிருந்தால் எந்த வங்கிக்கு, எந்த நாளில்? மனு அதே அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் போக வேண்டும், ஆட்சியருக்கு அல்ல. 30 நாளுக்குள் பதில் வரவில்லை என்றால் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் இல்லை.