ஆடுகளமும் அடிமண்ணும்

களம் என்னும் சொல் தமிழில் பொருள்வளம் மிக்கது. நெல்லடிக்கும் இடமும் களம். போர் புரியும் இடமும் களம். விளையாடும் இடமும் களமே. எனினும் நெற்களத்துக்கும் கபடிக் களத்துக்கும் அமைப்பில் பெரும் வேறுபாடு உண்டு. நெற்களத்தை அடித்து இறுக்கிச் சாணமிட்டு மெழுகுவர். மணி மண்ணில் புதையலாகாது என்பது அதன் நோக்கம். கபடிக் களமோ, விழுந்தவன் எழுந்து மீண்டும் பாடிச் செல்லும் அளவுக்கு நெகிழ்ச்சியுடன் இருத்தல் வேண்டும். இவ்வேறுபாட்டை உணராமல், வகுப்பறைக்குத் தளம் போடுவது போன்றே ஆடுகளத்துக்கும் சிமெண்டுத் தளம் போட்டுவிட்டால், அதன் கேட்டை மாணவனின் முழங்காலும் கணுக்காலும் நெடுநாள் சுமக்க நேரும்.

பொருநைக் கரையில் கபடி வெறும் பொழுதுபோக்கன்று. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தியில் பிறந்த கணேசன், 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். 1995ஆம் ஆண்டுக்கான அர்ச்சுனா விருதும் பெற்றார். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்க்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உள்ள இந்நாளில், நல்ல ஆடுகளம் ஓர் ஏழை மாணவனின் வாழ்வாதாரத்தோடு தொடர்புடையதாகிறது. ஆகவே, களம் அமைக்க நிலமோ பொருளோ அளிக்க முன்வரும் பெரியோர் அதன் அளவையும் தரையையும் அறிந்திருத்தல் நலம்.

முதலில் அளவு. ஆடவர் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. மகளிர் களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். இரண்டிலும் பக்கத்திற்கு ஒரு மீட்டர் வீதம் லாபி இவ்வகலத்துள் அடங்கும். நடுக்கோட்டிலிருந்து 'பாக்' கோடு ஆடவர்க்கு 3.75 மீட்டர், மகளிர்க்கு 3 மீட்டர். அதற்கு அப்பால் ஒரு மீட்டரில் போனஸ் கோடு. ஆடவர் களத்திலேயே பெண்களையும் நாள்தோறும் பழக்குவது தவறு. பிடிக்கும் சங்கிலியின் விரிவும் பாடிச் செல்பவரின் அடிக்கணக்கும் அந்த முக்கால் மீட்டரில் மாறிவிடும். மகளிர் கபடி 2010இல் குவாங்சோ ஆசிய விளையாட்டிலேயே இடம்பெற்றுவிட்டது. அதன்பின்னும் அவர்களுக்கெனத் தனிக்கோடு வரையாதிருத்தல் நியாயமன்று. ஒரே களத்தில் வேறு நிறத்தில் வரைந்தாலே போதும்.

ஆனால் 130 சதுர மீட்டர் இருந்தால் களம் ஆகிவிடும் என்று எண்ணலாகாது. இறுதிக் கோட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளி, வெளியேறியவர் அமரும் ஒரு மீட்டர் அகலக் கட்டம் இருபுறமும் வேண்டும். எனவே நீளம் 19 மீட்டர். பக்கவாட்டில் இவ்விரண்டு மீட்டரேனும் வெற்றிடம் விட்டால் அகலம் 14 மீட்டர். ஆக 266 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ ஆறரை சென்ட். கைப்பந்துக்கோ 18க்கு 9 மீட்டர் களமும் சுற்றிலும் 3 மீட்டர் வெளியும் சேர்ந்து 9 சென்ட் அளவாகும். கூரை போடுவோர் தூண்களை இவ்வெல்லைக்கு வெளியே நிறுத்த வேண்டும். திறந்தவெளிக் களமாயின் நீளப்பக்கம் வடக்கு தெற்காக அமையட்டும். மாலை வெயில் ஆடுவோர் கண்ணில் நேராக விழாது.

அடுத்து, தரை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் கால்வாய்கள் பாயும் நெல், வாழை நிலங்களின் மண் பெரும்பாலும் வண்டலும் களியும் ஆகும். மழையில் வழுக்கும், கோடையில் வெடிக்கும். தெற்கே தேரிக் காட்டின் செம்மணலோ பிடிப்பின்றிச் சரியும். ஒன்றன் குறையை மற்றொன்று தீர்க்கும் என்பதே இந்நிலத்தின் வாய்ப்பு. சல்லடையில் சலித்த களிமண்ணோடு மணற்பாங்கான செம்மண்ணைக் கலந்து, கல்லும் சிப்பியும் நீக்கி, ஓரடி ஆழத்துக்கு நிரப்பி, நீர் தெளித்து மெல்ல உருளை ஓட்டினால் நல்ல களம் அமையும். ஆற்று மணலை நினைத்தபடி அள்ளிவரும் காலம் போய்விட்டது. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில், 2010இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்ததை இவ்வூரார் அறிவர். அதற்கு மாற்றாக எம்-சாண்டைக் கொட்டுவது ஆகாது. உடைத்த கல்லின் கூர்முனை தோலைச் சிராய்த்துவிடும்.

இனி, மேட் எனப்படும் மென்விரிப்பு. 2014இல் தொடங்கிய புரோ கபடிப் போட்டிகள் இதனை ஊரெங்கும் அறிமுகம் செய்தன. மண்ணில் மட்டும் ஆடிப் பழகியவன் மேட்டில் முதன்முறை இறங்கும்போது திகைக்கிறான். மண்ணில் கால் சற்று வழுக்கி நிற்கும். மேட்டில் காலணி சட்டெனப் பற்றிக்கொள்ள, உடல் மட்டும் திரும்பும். மூட்டு பிசகுவது இங்கேதான். எனவே போட்டிக்குச் செல்வோர்க்கு மேட் பயிற்சி இன்றியமையாதது. ஒரு மீட்டர் சதுரத் துண்டுகளாயின் ஆடவர் களத்துக்கு 130 துண்டுகள் வேண்டும். ஆயினும் செலவு அத்துடன் முடிவதில்லை. அடியில் மட்டமான தளம் இல்லையெனில் இணைப்புகள் விலகிக் கால்விரல் சிக்கும். மேலே கூரை இல்லையெனில் வெயில் அதனைச் சூடாக்கிக் கெடுக்கும். சாரல் பட்டால் வழுக்கும். தளமும் கூரையும் அமைக்கப் பொருளில்லாத நிறுவனம் மேட் மட்டும் வாங்குதல் வீண். அத்தகையோர் நல்ல மண்களம் ஒன்றைப் பேணி, போட்டிக்கு முந்தைய வாரங்களில் மேட் உள்ள இடத்துக்கு மாணவரை அழைத்துச் செல்வதே தக்கது என்பது என் கருத்து.

எத்தரையாயினும் நீர் வடியும் வழியை முதலில் காணவேண்டும். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. செந்தூர் விரைவு வண்டி ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கி நின்றது. அத்தகைய வெள்ளத்தை எந்த வடிகாலும் தாங்காது. ஆயினும் ஆண்டுதோறும் வரும் வடகிழக்குப் பருவமழைக்குக் களத்தைச் சுற்றுநிலத்தினும் அரையடி உயர்த்தி, நாற்புறமும் ஓடை வெட்டினால் போதும். மேட் துண்டுகளை ஐப்பசி பிறக்குமுன் கழற்றிப் பரண்மேல் அடுக்கிவிட வேண்டும். வெள்ளம் ஏறி வடிந்த மண்களத்தில் படியும் வண்டல் காய்ந்ததும் ஓடாக வெடிக்கும். அதனைச் சுரண்டி அப்புறப்படுத்தி, மேல்மண்ணைக் கொத்திச் சலித்துப் பரப்பிய பின்னரே மாணவரை இறக்க வேண்டும்.