வேர்த்தேடலும் சான்றின் அலகும்: காஞ்சிபுரம் செவிலிமேட்டு நெசவுக் குடும்பங்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தம் குடும்பத்தின் பூர்வீகத்தை அறிய முற்படும் இளைஞருக்குக் குடும்ப நினைவு, அரசு ஏடு, கல்வெட்டும் செப்பேடும் என மூவகைச் சான்றுகள் உள்ளன. நினைவு குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறது. ஏடு ஊரையும் வரியையும் பற்றிப் பேசுகிறது. கல்வெட்டும் செப்பேடும் சமூகத்தைப் பற்றிப் பேசுகின்றன. ஓர் அலகில் கிடைத்த செய்தியை மற்றோர் அலகுக்குச் சான்றாக்குவதே வேர்த்தேடலில் நேரும் முதன்மைப் பிழை என்பதைக் காஞ்சிபுரம் நெசவுச் சமூகங்களின் சான்றுகள்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: செவிலிமேடு, நெசவாளர், பூர்வீகம், கைக்கோளர், சௌராட்டிரர், குலதெய்வம், ஏடு, செப்பேடு.

1. முன்னுரை

செவிலிமேடு காஞ்சிபுரத்தின் தென்புறத்தில், வந்தவாசி செல்லும் சாலையில், பாலாற்றின் வடகரையை ஒட்டி அமைந்துள்ளது. இராமாநுசர் வரலாற்றோடு தொடர்புடைய சாலைக்கிணறு இங்கு உள்ளது. பேரூராட்சியாக இருந்த இவ்வூர் 2011இல் காஞ்சிபுரம் நகராட்சியுடன் இணைந்தது. அந்நகராட்சி 2021இல் மாநகராட்சியாயிற்று.

காஞ்சி வட்டாரத்தில் கைக்கோளர் எனப்படும் செங்குந்தர், சாலியர், சௌராட்டிரர் எனப் பல சமூகத்தார் நெசவை மேற்கொண்டு வந்துள்ளனர். இக்குடும்பங்களின் இளைய தலைமுறையினர் பலர் இன்று ஒரகடம், திருப்பெரும்புதூர்ப் பகுதித் தொழிற்சாலைகளுக்கும் சென்னை அலுவலகங்களுக்கும் செல்கின்றனர். தறி வீட்டில் இருந்தவரை ‘நாம் யார்’ என்ற வினாவுக்குத் தறியே விடையாக இருந்தது. தறி நீங்கிய வீட்டில் அவ்வினா புதிதாக எழுகிறது. அதற்கு விடை தேடும் இளைஞர் எந்தச் சான்றிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்பதை வரையறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. குடும்ப நினைவு

தேடல் தொடங்கவேண்டிய இடம் வீடு. பெரும்பாலான குடும்பங்களில் பெயர் சொல்லக்கூடிய நினைவு மூன்று அல்லது நான்கு தலைமுறைகளோடு நின்றுவிடுகிறது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் இதில் இருவகையாகச் செயல்படுகிறது. அது முன்னோர் பெயரைக் காக்கிறது. அதேவேளை ஒரே பெயருடைய இருவரை நினைவில் ஒருவராக்கியும் விடுகிறது. ஆகவே பெயரோடு தெரு, தறி எண்ணிக்கை, துணி வாங்கிய முதலாளி, மணவுறவு கொண்ட ஊர் ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்டறிவது இன்றியமையாதது.

குலதெய்வக் கோயில் அமைந்த ஊர், குடும்பம் முன்பு வாழ்ந்த இடத்தைச் சுட்டும் குறிப்பாக அமைவதுண்டு. ஆயினும் குடிபெயர்ந்தவர்கள் பிடிமண் கொண்டுவந்து புதிய இடத்தில் கோயில் எடுப்பதும், ஆதரவு தந்த குடும்பத்தின் தெய்வத்தை ஏற்றுக்கொள்வதும் நடைமுறையில் உள்ளன. எனவே குலதெய்வம் தேடவேண்டிய திசையைக் காட்டும். அதனை முடிவான சான்றாகக் கொள்ளுதல் இயலாது.

வழிவழிப் பட்டியல்கள் பெரும்பாலும் தந்தை வழியையே தொடர்கின்றன. மணமாகி வந்த பெண் கணவர் வீட்டுக் குலதெய்வத்தை ஏற்பதால் அவர் பிறந்த வீட்டின் தடம் இரண்டே தலைமுறைகளில் மறைந்துவிடுகிறது. இழை சுற்றுதல், பாவு ஆயத்தம் செய்தல் போன்ற பெண்களின் உழைப்பும் பதிவுகளில் தனியே இடம்பெறுவது அரிது. நான்கு தலைமுறைக்கு முன் ஒருவருக்குப் பதினாறு முன்னோர் உண்டு. தந்தைவழிப் பட்டியல் அவர்களுள் ஒருவரை மட்டுமே காட்டுகிறது. தாய், பாட்டி ஆகியோரின் பிறந்த ஊர்களைக் கேட்டுப் பதிவு செய்யாத வேர்த்தேடல், தொடக்கத்திலேயே பதினைந்து பங்கைக் கைவிட்டுவிடுகிறது.

சௌராட்டிரர் குடும்பங்களில் வீட்டு மொழியும் ஒரு சான்றாகும். இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சார்ந்த அம்மொழியில் மராத்தி, தெலுங்கு, கன்னடம், தமிழ் ஆகியவற்றின் கூறுகள் கலந்துள்ளன. அவை அச்சமூகம் கடந்துவந்த நிலப்பகுதிகளைக் காட்டுகின்றன. எனினும் மொழி காட்டுவது சமூகத்தின் வழித்தடத்தை. ஒரு குறிப்பிட்ட குடும்பம் எந்த ஆண்டில் எவ்வூரிலிருந்து புறப்பட்டது என்பதை அதனால் கூற இயலாது.

3. ஏடுகளும் அவற்றின் மௌனமும்

நினைவு முடியுமிடத்தில் ஏடு தொடங்கும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. நெசவாளரைப் பொறுத்தவரை இவ்விரண்டுக்கும் இடையே பெரும் இடைவெளி உள்ளது. பட்டா, சிட்டா, அ-பதிவேடு, இனாம் பதிவேடு ஆகியவை நிலத்தை அடிப்படையாகக் கொண்டவை. நிலமற்ற நெசவாளர் அவற்றில் இடம்பெற வாய்ப்பு குறைவு. அவர்களைத் தேடவேண்டிய இடங்கள் வீட்டுப் பத்திரம், அடமானப் பத்திரம், கூட்டுறவுச் சங்க உறுப்பினர் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு போன்றவையே.

செங்கல்பட்டுப் பகுதிக்குத் தனித்த சிறப்புடைய ஓர் ஆவணத் தொகுதி உண்டு. 1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து ஜாகீராகப் பெற்ற இப்பகுதியைக் கிழக்கிந்தியக் கும்பெனி, தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளரைக் கொண்டு 1767 முதல் 1774 வரை அளந்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களின் கணக்குகள் அப்போது தொகுக்கப்பட்டன. அவற்றுக்குரிய ஓலைச்சுவடிகள் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஊர்தோறும் வீடுகளைச் சாதி, தொழில் அடிப்படையில் எண்ணிக் காட்டும் இக்கணக்குகளால் ஓர் ஊரில் நெசவாளர் வீடுகள் எத்தனை என்பதை அறியலாம். அவ்வீடுகளுள் ஒன்று தம் முன்னோருடையது என்று நிறுவ அவ்வெண்ணிக்கை மட்டும் போதாது.

இத்தொகுதி முடிந்து ஆறு ஆண்டுகளில் இரண்டாம் மைசூர்ப் போர் மூண்டது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கும்பெனிப் படை ஐதர் அலியின் படையிடம் தோற்றது. போரால் செங்கல்பட்டுப் பகுதியின் ஊர்கள் பல பாழ்பட்டன, மக்கள் சிதறினர். ஒரு நூற்றாண்டுக்குப் பின் 1876-78இன் பெரும்பஞ்சமும் மக்களை இடம்பெயரச் செய்தது. ஆகவே 1770இல் ஓரூரில் வாழ்ந்த நெசவாளரே 1900இல் அங்கு வாழ்ந்தோரின் முன்னோர் என்று கொள்வதற்கு இடையிட்ட சான்று தேவைப்படுகிறது.

பெயர் மாற்றங்களும் கருத்தில் கொள்ளத்தக்கவை. இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள ஊர், 1997க்கு முந்தைய ஆவணங்களில் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு உரியதாக இருக்கும். கைக்கோளர் என்ற பெயர் பிற்காலத்தில் செங்குந்தர் என்றும், பட்டுநூல்காரர் என்ற பெயர் சௌராட்டிரர் என்றும் மாறி வழங்குவதைக் காணலாம். ஒரே குடும்பம் இரு தலைமுறைகளில் இரு பெயர்களால் பதிவாகியிருக்கக்கூடும்.

இவ்விடத்தில் கடல் கடந்தோரின் ஆவணங்களை ஒப்பிடுதல் பயன்தரும். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளராக நேட்டாலுக்குச் சென்ற 1,52,184 பேரின் விவரங்கள் கப்பற்பட்டியல்களில் பதிவாகியுள்ளன. முதற்கப்பலான ‘துரூரோ’ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர் ஆகியன அப்பட்டியல்களில் உண்டு. செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தோரும் அவற்றில் உள்ளனர். சுரேந்திர பானா இப்பட்டியல்களைக் கொண்டு விரிவான ஆய்வு நிகழ்த்தியுள்ளார். தப்பிச் செல்வோரை அடையாளம் காணவும் கூலிக் கணக்கை முடிக்கவும் எழுதப்பட்ட ஏடு, இன்று டர்பனில் வாழும் கொள்ளுப்பேரனுக்குப் பூர்வீக ஊரைக் காட்டுகிறது. ஊரிலேயே தங்கி நெய்தவரின் பெயரை அவ்வாறு குறித்துவைக்க எந்த அலுவலகத்துக்கும் தேவை எழவில்லை. கங்காணி வழியாகக் கூட்டமாக இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்றோர்க்கும் இத்தகைய தனியாள் பதிவு இந்த அளவில் அமையவில்லை. ஆவணம் எழுதியவரின் தேவையே அதன் எல்லையைத் தீர்மானிக்கிறது.

4. கல்வெட்டும் செப்பேடும்

காஞ்சி நெசவாளரைப் பற்றிய பழஞ்சான்றுகளுள் குறிப்பிடத்தக்கது உத்தம சோழனின் சென்னை அருங்காட்சியகச் செப்பேடு. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த இது, கச்சிப்பேட்டின் ஊரகத்துப் பெருமாள் கோயில் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பு, நான்கு சேரிகளில் வாழ்ந்த பட்டசாலிகளிடம் ஒப்படைக்கப்பட்டதைக் கூறுகிறது. நெசவாளர் கோயில் நிருவாகத்தில் பெற்றிருந்த நம்பகத்தன்மையை இது காட்டுகிறது.

சோழர் கல்வெட்டுகளில் ‘தெரிந்த கைக்கோளர்’ என்ற பெயருடைய படைப்பிரிவுகள் காணப்படுகின்றன. இப்படையினர் நெசவுச் சமூகத்தவரா, கைவலிமை குறித்து அப்பெயர் பெற்ற வீரர்களா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒரே சொல் இரு காலங்களில் ஒரே மக்களைத்தான் குறிக்கும் என்று கொள்ள இயலாது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

சௌராட்டிரர் தம் தொன்மைக்குச் சான்றாக மந்தசோர் கல்வெட்டைச் சுட்டுவர். வத்ஸபட்டி என்னும் கவிஞர் யாத்த அது, லாட நாட்டுப் பட்டு நெசவாளர் தசபுரத்தில் குடியேறிச் சூரியனுக்குக் கோயில் எடுத்ததையும், அது கி.பி. 473-74இல் புதுப்பிக்கப்பட்டதையும் கூறுகிறது. வந்தவர்களுள் சிலர் வில்வித்தையிலும், சிலர் கதை கூறுவதிலும், சிலர் சோதிடத்திலும் ஈடுபட்டனர் என்னும் செய்தியும் அதில் உண்டு. இக்கல்வெட்டுக்கும் தமிழகத்துச் சௌராட்டிரருக்கும் இடையிலுள்ள பல நூற்றாண்டுகளை இணைக்கும் தொடர்ச்சியான சான்று வேண்டும். ஆயினும் தறியை விட்டு வேறு தொழிலுக்குச் சென்றவரையும் அக்குழு தன்னவராகவே கருதிப் பெருமிதத்தோடு பதிந்தது என்பது, தறியை விட்டகலும் இன்றைய இளைஞர் எண்ணிப்பார்க்கத்தக்க செய்தி.

5. அலகு தாவுதல்

மேற்கண்ட சான்றுகளைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படுகிறது. பின்னோக்கிச் செல்லச் செல்லச் சான்றின் அலகு பெரிதாகிறது. குடும்பம் ஊராகவும் ஊர் சமூகமாகவும் விரிகின்றன. பாட்டனின் பெயரை அறிந்த இளைஞர், இடைப்பட்ட தலைமுறைகளைக் கடந்து உத்தம சோழன் காலத்துப் பட்டசாலியைத் தம் முன்னோராகக் கொள்ளும்போது, குடும்ப வரலாற்றின் இடத்தில் சமூகப் பெருமிதம் வந்து அமர்கிறது. சாதிச் சங்க மலர்கள் பலவற்றில் இத்தாவல் நிகழ்வதைக் காணலாம்.

இது தமிழ்ச் சூழலுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. அலெக்ஸ் ஹேலி 1976இல் வெளியிட்ட ‘வேர்கள்’, காம்பியாவின் ஜுஃபூரே ஊரைச் சேர்ந்த குந்தா கிந்தேயைத் தம் முன்னோராகக் காட்டியது. பின்னர் ஆய்வாளர்கள் ஆவணங்களைச் சரிபார்த்தபோது அவ்வழிமுறையின் முதன்மைக் கண்ணிகள் பொருந்தவில்லை என நிறுவினர். அடிமைமுறையால் வேரறுக்கப்பட்ட மக்களுக்கு அந்நூல் தந்த ஊக்கம் மெய்யானது. ஒரு குடும்பத்தின் வழிமரபு என்ற அளவில் அது நிலைபெறவில்லை. இவ்விரண்டையும் பிரித்தறிவது ஆய்வாளரின் கடமை.

6. முடிவுரை

வேர்த்தேடல் அறிந்ததிலிருந்து அறியாததை நோக்கி, ஒரு தலைமுறைக்கு ஒரு சான்றேனும் கொண்டு, படிப்படியாகச் செல்லவேண்டும். தாய்வழிக்கும் தந்தைவழிக்கும் ஒத்த இடம் தரவேண்டும். ஊர்ப்பெயரின் பழைய வடிவத்தை ஆவணத்தில் காணாமல், ‘செவிலி’ என்ற சொல்லின் பொருளை மட்டும் கொண்டு ஊர் வரலாறு கட்டுவது போன்ற முயற்சிகளைத் தவிர்க்கவேண்டும். சான்று நின்றுவிடும் இடத்தை அவ்வாறே குறிக்கவேண்டும். அந்த வெற்றிடம் நிலமற்ற நெசவாளரை ஏடு எவ்வாறு நடத்தியது என்பதைக் கூறும் ஒரு கண்டுபிடிப்பேயாகும்.

காஞ்சியின் மூத்த நெசவாளர் பலர் இன்னும் தம் பாட்டனின் தறி நின்ற தெருவைச் சொல்லக்கூடியவர்கள். அந்நினைவைக் காக்கும் செப்பேடு எதுவும் இல்லை. கல்லூரித் தமிழ்த்துறைகளும் வரலாற்றுத்துறைகளும் மாணவர்களைக் கொண்டு அதனை இப்போதே பதிவு செய்தல் வேண்டும். அடுத்த தலைமுறை தேடும்போது இப்பதிவுகளே அவர்களுக்குரிய ஏடாக அமையும்.