நடுக்குவாதத்தின் வேகத்தை ஸ்கேனில் அளக்க முடியுமா?

"ஸ்கேன் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. ஆனா கை உதறல் மட்டும் நிக்கல." தியாகதுருகம் போன்ற ஊர்களில் வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் எழும் குழப்பம் இது. ஸ்கேனும் பொய்யில்லை, நடுக்கமும் பொய்யில்லை. வழக்கமான சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டும் பக்கவாதம், கட்டி, நீர்க்கோப்பு ஆகியவற்றைக் காட்டிக்கொடுக்கும். நடுக்குவாதத்தில், அதாவது பார்க்கின்சன் நோயில், நடுமூளையின் கருநிறத் திட்டில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் சிறுகச் சிறுக அழிகின்றன. கை நடுங்கத் தொடங்கும்போதே டோபமைன் நரம்பு முனைகளில் பெரும்பகுதி போயிருக்கும். அந்த இழப்பு சாதாரண ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது.

அதைப் படமாகப் பார்க்க உதவிய பொருளுக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையிலிருந்து லெவோடோபாவை 1937-இல் பிரித்தெடுத்தவர்கள், சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தின் தாமோதரனும் ராமசாமியும். 1960-களில் அதே லெவோடோபா இந்த நோய்க்கு முதன்மை மருந்தானது. 1983-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதில் கதிரியக்க ஃபுளூரினைச் சேர்த்து ஊசியாகச் செலுத்தி, உயிருள்ள மனித மூளையில் டோபமைன் சேரும் இடத்தை பெட் ஸ்கேனில் பார்த்தார்கள்.

ஆனால் அந்த ஃபுளூரினின் வீரியம் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரானுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால்தான் பயன். டெக்னீசியம் சேர்த்த ட்ரோடாட் என்ற மருந்துக்கு அந்த நேரம் 6 மணி, செலவும் குறைவு. அதனால்தான் இந்தியாவின் பெருநகர மருத்துவமனைகளில் ட்ரோடாட் ஸ்கேன் இடம்பிடித்தது.

நலமான மூளையில் இந்தப் படம் இரண்டு காற்புள்ளிகள்போல ஒளிரும். நோய் வந்தால் வால் மங்கி முற்றுப்புள்ளியாகச் சுருங்கும். வலக்கை முதலில் நடுங்கினால் இடப்பக்க மூளையில்தான் மங்கல் அதிகம். சில ஆண்டு இடைவெளியில் அதே நபருக்கு மீண்டும் எடுத்து ஒப்பிட்டால் இழப்பின் வேகம் தெரிகிறது. உலகெங்கும் நோயாளிகளைப் பல ஆண்டுகளாகத் தொடரும் பி.பி.எம்.ஐ. என்ற ஆய்வு 2010-இல் தொடங்கியதும் இப்படி நோயின் போக்கை அறியத்தான்.

ஆனால் படம் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 2004-இல் வெளியான எல்டோபா ஆய்வில் லெவோடோபா சாப்பிட்டவர்களின் நடையும் அசைவும் தேறின. ஸ்கேனிலோ, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்கு இழப்பு வேகமாக இருப்பதுபோல் தெரிந்தது. மருந்தே படத்தின் அளவை மாற்றுகிறதா என்ற விவாதம் அப்போது எழுந்தது. அந்தப் படத்தைக் காரணம் காட்டி யாரும் மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. இன்னொரு செய்தி: நிபுணர்களே பார்க்கின்சன் என்று முடிவுசெய்து அந்த ஆய்வில் ஸ்கேன் எடுத்த 142 பேரில் 21 பேருக்குப் படம் இயல்பாகவே இருந்தது.

இந்த ஸ்கேன் தனிமனிதருக்குப் பெரிதும் உதவும் இடம் வேறு. தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் கொடுக்கும் சின்னாரிசின், ஃபுளூனாரிசின், மெட்டோகுளோப்ரமைடு போன்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால் பார்க்கின்சன் போலவே கை நடுங்கலாம், உடல் இறுகலாம். இப்படி மாத்திரையால் நடுக்கம் வந்தவர்களுக்கு டோபமைன் ஸ்கேன் பொதுவாக இயல்பாக இருக்கும். மருத்துவர் மாத்திரையை மாற்றினால் பலருக்கும் நடுக்கம் குறைந்துவிடும். சிலருக்கு அதற்கு மாதங்கள் ஆகும்.

என் கருத்தில், தியாகதுருகத்திலிருந்து சென்னைக்கோ புதுச்சேரிக்கோ ஸ்கேனுக்காக முதலில் ஓட வேண்டாம். நரம்பியல் மருத்துவர் நடக்கச் சொல்லி, விரல் தட்டச் சொல்லிப் பார்ப்பதே இன்றும் நோயறிதலின் அடிப்படை. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேறு மருத்துவரிடமோ முதன்முறை போகும்போது, வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கியதையும் மறைக்காமல் காட்டுங்கள்.