சாம்பியன்களை உருவாக்கிய கோல்ப் வாத்தியார்

பரந்த புல்வெளியில் சின்னஞ்சிறு பந்து. அதை மட்டையால் அடித்து, தூரத்தில் உள்ள குழியில் விழச் செய்ய வேண்டும். குறைந்த அடிகளில் யார் போடுகிறாரோ, அவருக்கே வெற்றி. இதுதான் கோல்ப் ஆட்டம்.

இந்த ஆட்டத்தில் உலகப் புகழ் பெற்ற கோப்பை எதையும் ஹார்வி பெனிக் வென்றதில்லை. ஆனால், அத்தகைய கோப்பைகளை வென்ற பலர் அவரிடம் பாடம் கேட்டவர்கள்!

பை சுமந்த சிறுவன்

பெனிக் 1904-ம் ஆண்டு, அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஆஸ்டின் நகரில் பிறந்தார். 8 வயதில் அந்த ஊர் கோல்ப் கிளப்பில் வேலைக்குச் சேர்ந்தார். ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு அவர்கள் பின்னால் நடப்பதுதான் வேலை. நடந்துகொண்டே ஆட்டத்தையும் கற்றுக்கொண்டார். 1923-ல் அதே கிளப்பில் தலைமைப் பொறுப்பு அவரைத் தேடி வந்தது.

ஊர் ஊராகப் போய்ப் போட்டிகளில் ஆடிப் பெயர் வாங்க வேண்டும் என்று அவருக்கும் ஆசை இருந்தது. 1930-களில் ஹூஸ்டன் நகரில் ஒரு போட்டிக்குப் போனார். அங்கே சாம் ஸ்னீட் என்ற இளைஞர் பந்து அடிப்பதைப் பார்த்தார். அடியின் ஓசையே வேறு மாதிரி இருந்தது!

“இப்படி நம்மால் ஒருநாளும் அடிக்க முடியாது” என்பது பெனிக்குக்குப் புரிந்துவிட்டது. அவர் மனம் உடைந்துபோகவில்லை. இனி ஆட்டத்தைக் கற்றுக்கொடுப்பதே தம் வேலை என்று முடிவு செய்தார். அவர் கணக்கு தப்பவில்லை. ஸ்னீட் பிற்காலத்தில் 82 பெரிய போட்டிகளில் வெற்றி பெற்றார்.

ஆளுக்கு ஒரு பாடம்

1931 முதல் 1963 வரை டெக்ஸாஸ் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் பெனிக் பயிற்சி அளித்தார். பெரிய பெரிய வார்த்தைகள் அவரிடம் கிடையாது. மட்டையை எப்படி வீசுவது? தண்ணீர் வாளியை இரு கைகளாலும் பிடித்து, முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கச் சொல்வார். அவ்வளவுதான்!

பெட்சி ராவல்ஸ் என்ற பெண்ணிடம் முதல் பாடத்துக்கு மட்டுமே கட்டணம் வாங்கினார். “முன்பு சொன்னதையே திரும்பச் சொல்கிறேன், அதற்குப் பணம் எதற்கு?” என்று பிறகு வாங்க மறுத்துவிட்டார். அந்தப் பெண் அமெரிக்க மகளிர் ஓப்பன் போட்டியில் 4 முறை வென்றார்.

டாம் கைட், பென் கிரென்ஷா இருவரும் சிறுவயதிலேயே அவரிடம் சேர்ந்தவர்கள். ஒருவருக்குப் பாடம் நடக்கும்போது மற்றவர் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் பெனிக். காரணம் என்ன? ஒருவருக்கு ஏற்ற மருந்து இன்னொருவருக்கு ஆகாது அல்லவா!

சிவப்பு நோட்டு

கற்றுக்கொடுக்கும்போது கண்டதையெல்லாம் ஒரு சிவப்பு நோட்டில் குறித்துவைத்தார். அறுபது ஆண்டுகள் அது பெட்டியில் பூட்டியே இருந்தது. மகனைத் தவிர வேறு யாரும் படித்ததில்லை. முதுமையில், எழுத்தாளர் பட் ஷ்ரேக்கிடம் அதைக் காட்டினார். புத்தகமாக வெளியிட 90 ஆயிரம் டாலர் என்று செய்தி வந்தது. பெனிக்குக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அவ்வளவு பணத்தைத் தாம் கட்ட வேண்டும் என்று நினைத்துவிட்டார்! 1992-ல் வெளிவந்த அந்தப் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. அதே ஆண்டு கைட் அமெரிக்க ஓப்பன் கோப்பையை வென்றார்.

கடைசிப் பாடம்

1995-ம் ஆண்டு மார்ச் மாதம். பெனிக் படுத்த படுக்கை. கிரென்ஷா பார்க்க வந்தார். அப்போது கிரென்ஷாவின் ஆட்டம் மிகவும் தளர்ந்திருந்தது. மட்டையை எடுத்துவந்து அடித்துக் காட்டச் சொன்னார் குரு. மட்டையின் தலை கைகளை முந்தக் கூடாது, உன் மீது நீ நம்பிக்கை வை என்றார்.

ஏப்ரல் 2-ந் தேதி பெனிக் காலமானார். வயது 90. அகஸ்டா நகரில் மாஸ்டர்ஸ் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்த கைட்டும் கிரென்ஷாவும், போட்டி தொடங்குவதற்கு முதல் நாள் ஆஸ்டினுக்குப் பறந்து வந்தார்கள். குருவின் சவப்பெட்டியைச் சுமந்தார்கள். அன்றே திரும்பினார்கள்.

9-ந் தேதி, 43 வயது கிரென்ஷா ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார்! கடைசிப் பந்து குழியில் விழுந்ததும், அங்கேயே குனிந்து, முகத்தைக் கைகளில் புதைத்து அழுதார்.

கோல்ப் விதிப்படி ஒருவர் 14 மட்டைகள் மட்டுமே வைத்துக்கொள்ளலாம். தம் பையில் 15-வது மட்டை ஒன்று இருந்தது, அது பெனிக் என்றார் கிரென்ஷா.

2002-ல் உலக கோல்ப் புகழ் மண்டபத்தில் பெனிக்கின் பெயரும் ஏறியது. கற்றுக்கொடுத்த பணிக்குக் கிடைத்த இடம் அது.